காகிதக் கூழும் ஐந்து வயதும்: பேத்தியோடு தனியாக இருந்த மாதங்கள்

பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு நெருக்கடி என்று பேரக்குழந்தையை மாதக்கணக்கில் தனியாளாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் நிலை எந்தத் தாத்தா பாட்டிக்கும் வரலாம். எனக்கு வந்தது. அந்த மாதங்களில் என்ன செய்தால் குழந்தை தேறும், எதில் பணம் வீணாகும், எதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கக்கூடாது என்று சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை. எல்லாவற்றையும் நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இன்னொருவராவது கொஞ்சம் சுலபமாகக் கடக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மகள் பெங்களூரில் இருக்கிறாள். போன வருஷம் இரண்டாவது முறை உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி கருப்பை வாயை மூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, பயணம் கூடாது, ரத்தம் பட்டால் உடனே ஆஸ்பத்திரி. அவள் மாமியார் வந்து கூட இருந்தார். ஆனால் மூத்தவள் ஐந்து வயது, ஓடி வந்து அம்மா மேல் விழுகிற வயது. யு.கே.ஜி.தானே, ஒரு டெர்ம் போனால் போகட்டும் என்று முடிவு செய்து, ஜூன் மாதம் மாப்பிள்ளை அவளை ரயிலில் அழைத்துவந்து திருச்சியில் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நான் கருவூலத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. உறையூரில் சொந்த வீடு, இரண்டு முழங்காலிலும் வலி, வாசலில் ஒரு முருங்கை மரம். இவ்வளவுதான் நான்.

பகல் எப்படியோ போய்விடும். விளக்கு வைக்கிற நேரம்தான் தாங்காது. "அம்மாச்சி, அம்மா எப்ப வருவா" என்று மெதுவாக ஆரம்பித்து, மூச்சு முட்டும் அளவுக்கு அழுவாள். வீடியோ காலில் அம்மாவைக் காட்டினால் அடங்குவாள் என்று நினைத்து தினமும் ராத்திரி போன் போட்டேன். போனை வைத்த பிறகு அழுகை இரண்டு மடங்கானது. அந்தப் பக்கம் மகளும் அழுதுகொண்டு படுத்திருப்பாள். சாப்பிட வைக்க மொபைலில் பொம்மைப் படம் போட்டேன், அப்புறம் மொபைல் இல்லாமல் வாய் திறக்க மறுத்தாள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபமும் வந்தது. குழந்தை மேல், மகள் மேல், போய்ச்சேர்ந்த மனுஷர் மேல்கூட. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே நின்று அழுதிருக்கிறேன். இந்த வயதில் குழந்தை வளர்ப்பது வரம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வரம்தான், ஆனால் உடம்பும் மனசும் ஓய்ந்துபோகிற வரம். இதை வெளியே சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் ஒன்று. வீடியோ கால் வேண்டும், ஆனால் படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். நான் அதைக் காலையில் இட்லி சாப்பிட்ட பிறகு என்று மாற்றினேன். வயிறு நிறைந்திருக்கும், வெளிச்சம் இருக்கும், போனை வைத்த பிறகு செய்ய வேலையும் இருக்கும். அந்த ஒரு மாற்றத்திலேயே ராத்திரி அழுகை பாதி குறைந்தது.

அடுத்தது பணம். கைவேலை கற்றுக்கொடுத்தால் மனசு மாறும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதால், ஆன்லைனில் ஒரு கிராஃப்ட் கிட் வாங்கினேன், 1,899 ரூபாய். பெரிய பெட்டி, மேலே அழகான ஆந்தை படம். உள்ளே வெட்டி வைத்த துணித்துண்டுகள், பாசிமணி, உறைந்துபோன பசை. எப்படியோ ஒட்டி முடித்தோம். குழந்தை பெட்டியின் மேல் இருந்த ஆந்தையைப் பார்த்தாள், தன் ஆந்தையைப் பார்த்தாள். "என்னோடது தப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தப் பெட்டியை அதற்குப் பிறகு அவள் தொடவில்லை. சின்னக் குழந்தைக்கு எது வாங்கினாலும், செய்து முடித்தால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று படம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மூடியைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் கையில் கொடுங்கள். இன்னொன்று, அந்தப் பெட்டியில் விளக்கு எரியும் பூ ஒன்று இருந்தது, அதற்குள் பொத்தான் போன்ற சின்ன பேட்டரி. அதைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஸ்க்ரூ போட்ட மூடி இல்லாத எந்தச் சாமானிலும் அந்த பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், பொறுத்துப் பார்க்கும் விஷயம் அல்ல.

அதற்கப்புறம் ஒரு கைவேலை வகுப்பு. மாதம் 3,500 ரூபாய், முன்பணம். சில நாள் போனாள், அப்புறம் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக மாட்டேன் என்று அழுதாள். பணம் திரும்பக் கிடைக்காது என்றார்கள், ரசீதின் பின்பக்கம் அச்சடித்தும் இருந்தது. சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் உட்கார வைத்துப் பார்க்கலாமா, வாரக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் படங்களையும் பாருங்கள். அந்த வகுப்பில் வரிசையாக இருந்த மயில்கள் எல்லாம் ஒரே மயில். அங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்குச் செய்ய என்ன இருக்கிறது? டீச்சர் போட்ட மயிலைக் கெடுக்காமல் இருப்பது ஒன்றுதான் வேலை.

திருப்பம் வந்தது பழைய பேப்பரில்தான். சமையல்கட்டு அலமாரியில் விரிக்க நாளிதழைக் கிழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளும் ஒரு தாளை இழுத்தாள். மேலிருந்து கீழே கிழித்தால் நேராகக் கிழிகிறது, பக்கவாட்டில் கிழித்தால் கோணிக்கொண்டு போகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். (காகிதம் தயாராகும்போதே நார் ஒரு பக்கமாக ஓடுவதால்தான் அப்படி.) நேர்க்கிழிசல் ஒரு குவியல், கோணல் கிழிசல் ஒரு குவியல். மத்தியானம் முழுக்கக் கிழித்தாள். மொபைலைக் கேட்கவே இல்லை. இந்தக் குவியலை என்ன செய்வது என்று யோசித்தபோது என் அம்மா ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் வெந்தயமும் காகிதமும் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் அப்பிக் காயவைத்து, கூடையும் தட்டும் செய்வாள். உளுந்து, மிளகாய் எல்லாம் அதில்தான் இருக்கும்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் நிறைய. ஒரு வாரத்து நாளிதழைச் சின்னச் சின்னதாகக் கிழித்து இரண்டு ராத்திரி தண்ணீரில் ஊறவிடுங்கள், தண்ணீரைத் தினம் மாற்றுங்கள். வழவழப்பான பத்திரிகைத் தாள் சரியாக ஊறாது, வேண்டாம். இரண்டு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஒரு ராத்திரி ஊறவைத்து வழுக்க அரைத்துக்கொள்ளுங்கள். அந்த வழுவழுப்புத்தான் பசை, கடைப் பசை ஒரு சொட்டு தேவையில்லை. கொஞ்சம் மஞ்சள்தூள் சேர்ப்பாள் அம்மா. காகிதத்தை மட்டும் மிக்ஸியில் கெட்டியாகப் போட்டு அரைக்காதீர்கள். நார் பிளேடில் சுற்றி, என் மிக்ஸி மோட்டார் புகைந்துவிட்டது. ரிப்பேருக்கு 1,100 ரூபாய். நிறையத் தண்ணீர் விட்டு ஒரு கைப்பிடி கைப்பிடியாக, விட்டு விட்டு ஓட்டவேண்டும். அச்சு மை கலந்ததால் அந்த ஜாரைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கக்கூடாது, பழைய ஜார் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். கூழை ஒரு பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்து, வெந்தய விழுதோடு சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையவேண்டும். பிசைகிற வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். முழங்கை வரை கூழாக்கிக்கொண்டு பிசைந்தாள். பழைய சேலையை நாலாக மடித்துத் தரையில் விரித்துவிட்டால் பிறகு துடைக்கிற பாடு இல்லை. எனக்குத் தரையில் உட்கார முடியாது, நான் முக்காலியில், அவள் கீழே. பசி நேரத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், எல்லாம் அழுகையில் முடியும்.

சின்னப் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி சுற்றி, கூழை அப்ப ஆரம்பித்தோம். நான் அப்பிய பக்கம் வழவழவென்று வந்தது. அவள் தன் பக்கத்தில் கட்டைவிரலால் ஒவ்வொரு இடமாகக் குத்திக் குழி போட்டுக்கொண்டே வந்தாள். நான் கை நீட்டி அவற்றைத் தடவி மூடினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி குத்தினாள். மறுபடி மூடப்போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அம்மாச்சி, அது எறும்பு வாசல். மூடினா எறும்பு எப்படி வீட்டுக்குப் போகும்?" என்றாள். கையை எடுத்துவிட்டேன். நாலு நாள் வெயிலில் காய்ந்து குடத்திலிருந்து கழன்று வந்தபோது அது ஓட்டை ஓட்டையாக இருந்தது, உளுந்து கொட்டினால் ஒழுகும். அவள் அதை வாசற்படிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, உள்ளே சர்க்கரை தூவி, எதிரே குப்புறப் படுத்துக்கொண்டாள். "நீயும் படு, நின்னா அதுங்க பயப்படும்" என்றாள். பாயைப் போட்டு, சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி நானும் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு எறும்பு வந்து கட்டைவிரல் குழிக்குள் நுழைந்தது. அப்புறம் வரிசை. ஒவ்வொன்றும் தலைக்கு மேல் ஒரு சர்க்கரைப் பரலோடு அதே வாசல் வழியாக வெளியே வந்தது. அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நானும்தான் கத்தினேன். வீட்டில் ஆள் சிரிக்கிற சத்தம் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் கருவூலத்தில் இருந்தவளுக்கு எதை எடுத்தாலும் இது எதற்கு, எப்போது முடியும் என்ற கேள்விதான் முதலில் வரும். குழந்தைக்கு அந்தக் கேள்வியே கிடையாது. கையை வைக்கிறாள், ஏதோ ஒன்று வருகிறது, வந்ததைப் பார்த்து அடுத்தது. அவளோடு உட்கார்ந்ததில் எனக்கும் அது தொற்றியது. ஆனால் அதற்கு என் பேச்சை நான் கொஞ்சம் மாற்றவேண்டியிருந்தது. "இது என்ன?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வாள், பரீட்சை வைத்த மாதிரி. "இவர் எங்கே கிளம்பிட்டார்?" என்று கேட்டால் கதை கொட்டும். "சூப்பர், ரொம்ப அழகு" என்று உடனே சொல்வதையும் குறைத்தேன், செய்கிற ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புவதையும் நிறுத்தினேன். போட்டோ எடுக்க ஆரம்பித்தால் போட்டோவுக்காகவே செய்ய ஆரம்பித்துவிடுகிறாள், பாதியிலேயே "அனுப்பிட்டியா" என்று கேட்கிறாள்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை நமக்குத் தெரிந்ததுதான். அடிப்பக்கம் உருண்டையாக, கனமெல்லாம் அடியில் இருப்பதால் எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்கும். அதேபோல ஒன்று செய்யலாமென்று பாதி கொட்டாங்குச்சியின் அடியில் களிமண் உருண்டையை அமுக்கி, மேலே காகிதக் கூழில் உடம்பும் தலையும் வைத்தோம். மண் நடுவில் இல்லாமல் ஓரமாகப் போய்விட்டது. காய்ந்த பிறகு எழுந்து நின்றது, ஆனால் ஒரு பக்கம் சாய்ந்தபடி. மண்ணைத் தோண்டிச் சரி செய்யலாம் என்று கரண்டியை எடுத்தேன். "வேண்டாம் அம்மாச்சி, தாத்தாவுக்குக் காது கேக்காது. குனிஞ்சு கேக்கறார்" என்றாள். அவருக்குக் காது கேக்காத தாத்தா என்றே பெயர் ஆனது. அவரிடம் எதைச் சொன்னாலும் உரக்கச் சொல்லவேண்டும் என்பது விளையாட்டின் விதி.

ஒரு நாள் தாத்தாவுக்குக் குரல் கொடுத்து நான் கேட்டேன், "உங்கம்மா எங்கே பாப்பா?" அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினாள்: "பெங்களூர்ல! நான் அம்மா மேல குதிச்சேன்ல, அதான் அனுப்பிட்டாங்க! இனிமே குதிக்க மாட்டேன்!" எனக்குக் கை உதறிவிட்டது. இத்தனை நாள் அழுததெல்லாம் ஏக்கம் என்று நினைத்திருந்தேன். தன்மேல் தப்பு என்று நினைத்து, தண்டனையாக வந்திருக்கிறோம் என்று நம்பி, இந்தச் சின்ன உயிர் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறது. நேராகக் கேட்டபோதெல்லாம் என்னிடம் சொல்லாதது, கொட்டாங்குச்சித் தாத்தாவிடம் வந்தது. தாத்தாவின் குரலிலேயே, "குதிச்சதால இல்லம்மா, பாப்பாவோட பை வயித்துல கீழ இறங்கிடுச்சு, அதுக்கு யாரும் காரணம் இல்லை" என்று சொன்னேன். அன்று ராத்திரி மகளுக்குத் தனியாகச் சொன்னேன். மறுநாள் காலை வீடியோ காலில் அவளும் இதையே, குழந்தைக்குப் புரிகிற வார்த்தையில், இரண்டு மூன்று தரம் சொன்னாள். அழுகை நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த மூச்சு முட்டுகிற அழுகை அதற்குப் பிறகு வரவில்லை. உங்கள் வீட்டில் குழந்தையை இப்படி அனுப்பும் நிலை வந்தால், ஏன் அனுப்புகிறோம் என்பதையும், உன்னால் இல்லை என்பதையும் கிளம்பும் முன்பே அம்மா வாயால் சொல்லச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் சாயங்கால இடிமழை ஆரம்பித்தது. கொலுவுக்கென்று பெரிய யானை ஒன்று, முழுக்க முழுக்கக் கூழிலேயே தடியாகச் செய்திருந்தோம். வெளியே காய்ந்தது, உள்ளே ஈரம். ஒரு வாரத்தில் நாற்றம், அப்புறம் வயிற்றில் கறுப்பாகப் பூசணம். அதைச் சுரண்டி வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள், பூசணப் பொடி குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. ராத்திரியோடு ராத்திரியாகக் குப்பையில் போட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. காட்டினேன், ஏன் என்று சொன்னேன். அழுதாள். பிறகு யானையை முருங்கை மரத்தடியில் புதைக்கவேண்டும் என்றாள், புதைத்தோம். அடுத்த யானைக்கு உலர்ந்த பேப்பரைக் கசக்கி உருட்டி நூலால் கட்டி, அதன் மேல் அரை விரல் கனத்துக்கு மட்டும் கூழ், அது நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. மழை நாளில் வெயிலை நம்பாமல் மின்விசிறிக்குக் கீழே, அடிக்கடி திருப்பி வைத்து. வர்ணத்துக்கு சாதாரண போஸ்டர் கலர் போதும். ஆயில் பெயின்ட், சூடு பசைத் துப்பாக்கி இரண்டும் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் அறையில் வேண்டாம்.

செப்டம்பரில் மகளுக்கு சிசேரியன் ஆகி ஆண் குழந்தை பிறந்தது, இருவரும் நலம். நவராத்திரி முடிந்து கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கணவர் போனதிலிருந்து நான் கொலு வைக்கவில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, அம்மா சீதனமாகக் கொடுத்த மரப்பாச்சி ஜோடியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து ஐந்து படி கட்டினோம். குழந்தை முன்னால் படுத்துப் பார்த்துவிட்டு, "இங்கேருந்து செட்டியார் தொப்பை மட்டும்தான் தெரியுது" என்றாள். நானும் குனிந்து பார்த்தேன், மேல்படி சாமிகள் யாரும் அந்த உயரத்திலிருந்து தெரியவில்லை. இத்தனை வருஷம் கொலு வைத்திருக்கிறேன், நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்காகவே வைத்திருக்கிறேன். தரையோடு ஒரு பூங்கா போட்டோம், எறும்பு வீடும் யானையும் அங்கே. காது கேக்காத தாத்தாவை அவள் முதுகைக் காட்டி உட்காரவைத்தாள். "அவரும் கொலு பார்க்கணும்ல?" சுண்டலுக்கு வந்த ஒரு அம்மாள் பொம்மையைத் திருப்பி வைக்கக் கையை நீட்டினார். அவர் கொலு பார்க்க வந்திருக்கிறார், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.

கிட், வகுப்பு, மிக்ஸி மூன்றும் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் போனது. கூழ் வேலைக்கு வெந்தயமும் கலரும் சேர்த்து முந்நூறு ஆகியிருக்காது. பணத்தைவிட என் உடம்பைப் பற்றித்தான் வருத்தம். வாரத்தில் ஒரு மத்தியானமாவது யாரிடமாவது குழந்தையை விட்டுவிட்டுப் படுக்கவேண்டும் என்பதை ஆகஸ்டில்தான் செய்யத் தொடங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டதும் சந்தோஷமாகச் சரி என்றார். முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது தாத்தாவை மட்டும் எடுத்துக்கொண்டாள். காகிதப் பொம்மையைப் பெட்டியில் வைத்து அழுத்தினால் நொறுங்கும், பூத்துவாலையில் சுற்றி ஒரு டிபன் கேரியர் பையில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டு போனோம். ஸ்டேஷனுக்கு வரப்போகும் மாப்பிள்ளைக்கு முந்தின நாளே போன் செய்து, "மாப்பிள்ளை, பொம்மையைப் பார்த்து இது என்னன்னு கேட்காதீங்க. சாப்பிட்டாரான்னு கேளுங்க, கொஞ்சம் சத்தமா கேளுங்க" என்று சொல்லிவைத்தேன். பிளாட்பாரத்தில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அவர் குனிந்து உரக்கவே கேட்டார். இல்லை, ரயில் தோசை அவருக்குப் பிடிக்கவில்லை என்று பதில் வந்தது.